வழிமறிக்கும் பிரவுசர்... திண்டாடும் பொதுமக்கள்: ‘நாட் செக்யூர்’ வெப்சைட்டுகளால் தீராத தலைவலி

கையில் செல்போன் இருக்கிறது. நெட் பேலன்சும் இருக்கிறது. மகளின் ரிசல்ட் பார்க்கவோ, கொடுத்த மனு என்ன ஆச்சு என்று பார்க்கவோ வெப்சைட் முகவரியைத் தட்டினால், பக்கம் திறப்பதற்குப் பதில் சிவப்பு முக்கோணம் வந்து நிற்கிறது. ‘யுவர் கனெக்‌ஷன் ஈஸ் நாட் பிரைவேட்’ என்று இங்கிலீஷில் மிரட்டுகிறது. பிரவுசிங் சென்டர்காரரைக் கேட்டால், "அதெல்லாம் ஒண்ணும் இல்லண்ணே, கீழே அட்வான்ஸ்டுன்னு இருக்கும், அதை அமுக்கி உள்ளே போங்க" என்று சர்வசாதாரணமாகச் சொல்லி விடுகிறார்.

இந்த ‘அமுக்கி உள்ளே போங்க’ பழக்கம்தான் இப்போது பெரிய ஆபத்தாகி வருகிறது.

போஸ்ட் கார்டும், ஒட்டிய கவரும்

பழைய வெப்சைட்டுகளின் முகவரி ‘எச்.டி.டி.பி.’ என்று ஆரம்பிக்கும். இது போஸ்ட் கார்டு மாதிரி. போகிற வழியில் யார் கையில் கிடைத்தாலும் படிக்கலாம். நாலு வரி சேர்த்தும் எழுதி விடலாம். கடைசியில் ஒரு ‘எஸ்’ சேர்ந்து ‘எச்.டி.டி.பி.எஸ்.’ ஆகிவிட்டால் அது ஒட்டிய கவர்.

நாலு வரி சேர்ப்பது கற்பனை அல்ல. கடந்த 2015-ம் ஆண்டு பெங்களூருவைச் சேர்ந்த புரோகிராமர் ஒருவர், தன் செல்போன் கம்பெனி நெட்டில் வரும் பக்கங்களில், வெப்சைட் நடத்துபவருக்கே தெரியாமல் வேறு கோடு நுழைக்கப்படுவதைக் கண்டுபிடித்து வெளியிட்டார். அது பெரும் சர்ச்சையானது. பக்கம் போஸ்ட் கார்டாக வந்ததால்தான் நடுவில் கை வைக்க முடிந்தது.

இதைக் காரணம் காட்டித்தான் பிரவுசர் கம்பெனிகள் கெடுபிடியை ஆரம்பித்தன. 2018 ஜூலையில் குரோம் பிரவுசர், ‘எஸ்’ இல்லாத எல்லா தளங்களுக்கும் ‘நாட் செக்யூர்’ முத்திரை குத்தியது. 2020 நவம்பரில் பயர்பாக்ஸ், ஒட்டிய கவர் மட்டுமே வாங்கும் வசதியைக் கொண்டு வந்தது. அடுத்து, 2026 அக்டோபரில் வெளியாகும் 154-வது பதிப்பில் இருந்து, ‘எஸ்’ இல்லாத பொது வெப்சைட்டுக்குப் போனால் முதலில் நிறுத்தி, போகட்டுமா வேண்டாமா என்று குரோம் கேட்கும் என கூகுள் 2025 அக்டோபரில் அறிவித்தது. அடிக்கடி போகும் தளங்களுக்குத் திரும்பத் திரும்பக் கேட்காது என்பது ஒரு ஆறுதல்.

எப்.சி. முடிந்த ஆட்டோ

கவர் ஒட்டினால் மட்டும் போதாது. இது இன்னாருடைய வெப்சைட்தான் என்று மூன்றாவது நிறுவனம் ஒன்று சான்று தர வேண்டும். அதற்கு காலாவதி தேதியும் உண்டு. ஆட்டோவுக்கு எப்.சி. எடுப்பது மாதிரிதான். வண்டி நல்லாத்தான் ஓடும். ஆனால் தேதி முடிந்தால் நிறுத்தி விடுவார்கள். இதில் கொடுமை என்னவென்றால், எப்.சி. எடுக்காமல் விட்டது ஓனர். பாதி வழியில் இறங்கி ரோட்டில் நிற்பது பயணி.

வல்லரசு நாடான அமெரிக்காவிலேயே இந்தக் கூத்து நடந்தது. 2018 டிசம்பர் 22-ந்தேதி முதல் 35 நாட்கள் அந்நாட்டு அரசுப் பணிகள் முடங்கின. சம்பளம் இல்லாமல் சுமார் 8 லட்சம் ஊழியர்கள் தவித்தனர். சான்றைப் புதுப்பிக்க ஆள் இல்லை. 80-க்கும் மேற்பட்ட அரசுச் சான்றுகள் காலாவதி ஆகிக் கிடந்தது 2019 ஜனவரியில் தெரிய வந்தது. நீதித்துறை, நாசா தளங்களும் இதில் அடக்கம். நீதித்துறை தளம் ஒன்றில் ‘அமுக்கி உள்ளே போகும்’ பட்டனே இல்லை. ‘கவர் சரியாக இல்லாவிட்டால் யாரையும் உள்ளே விடாதே’ என்று அந்தத் தளமே பிரவுசருக்கு முன்கூட்டியே உத்தரவு போட்டிருந்ததுதான் காரணம்.

பிரவுசர் இவ்வளவு கறார் காட்டுவதற்கு நம் நாட்டிலேயே ஒரு உதாரணம் உண்டு. 2014 ஜூலையில், மத்திய அரசின் தேசிய தகவல் மையத்தின் சான்று வழங்கும் பிரிவில் இருந்து கூகுள், யாகூ பெயர்களில் முறைகேடான சான்றுகள் வெளியானது அம்பலமானது. போலி ஆர்.சி. புக் மாதிரி. அதன் பிறகு இந்தியச் சான்றுகளைக் குறிப்பிட்ட சில முகவரிகளுக்கு மட்டும் ஏற்பது என்று கூகுள் கட்டுப்பாடு விதித்தது.

ஆனாலும் அடி விழுவது சாமானியர் மேல்தான் என்பது பிரவுசர் கம்பெனிகளுக்கும் தெரியும். 2020 மார்ச்சில் பழைய ரகப் பாதுகாப்பு உள்ள தளங்களை பயர்பாக்ஸ் அடியோடு நிறுத்தியது. அவற்றில் சில அரசுத் தளங்களும் இருந்தன. கொரோனா தகவல் மக்களுக்குக் கிடைக்காமல் போய்விடுமே என்று அந்த மாதமே தடையைத் தற்காலிகமாகத் தளர்த்தியது.

பழைய போன் வைத்திருப்பவர் பாடு

வெப்சைட் மேல் தவறே இல்லாமலும் இந்த எச்சரிக்கை வரும். எந்தெந்த நிறுவனத்தின் சான்றை நம்பலாம் என்று ஒவ்வொரு செல்போனுக்குள்ளும் ஒரு லிஸ்ட் இருக்கிறது. பழைய போனில் லிஸ்டும் பழசு. இலவசச் சான்று தரும் ‘லெட்ஸ் என்கிரிப்ட்’ அமைப்பு சார்ந்திருந்த ஒரு பழைய மூலச் சான்று 2021 செப்டம்பர் 30-ந்தேதி காலாவதி ஆனது. ஆண்ட்ராய்டு 7.1.1-க்கு முந்தைய போன்கள் சிக்கலில் மாட்டாமல் இருக்கத் தனி ஏற்பாடு செய்யப்பட்டது. அந்த அவகாசமும் 2024 செப்டம்பர் 30-ந்தேதி முடிந்து விட்டது. செகண்ட் ஹேண்டில் போன் வாங்கி ஓட்டுபவர்களுக்குத்தான் பாதிப்பு. புது போன் வாங்கு என்று சொல்வது சுலபம், பணம் யார் தருவார்?

சில சமயம் கோளாறு ரொம்ப சின்னது. போன் முழுசாக சார்ஜ் இறங்கி ஆப் ஆனதில் தேதி பின்னால் போயிருக்கும். 2026-ல் கொடுத்த சான்றை 2015-ல் நின்று பார்த்தால் செல்லாது என்றுதான் காட்டும். எல்லா வெப்சைட்டும் ஒரே நேரத்தில் மிரட்டினால் முதலில் தேதியைப் பார்க்க வேண்டும். ரெயில் நிலையம், டீக்கடை வைபையில் லாகின் பக்கம் குறுக்கே வருவதாலும் இப்படி ஆகும்.

எப்போது அமுக்கலாம்?

நேரம், விலாசம் பார்க்க மட்டும் போகும் தளம் என்றால் பெரிய நஷ்டம் இல்லை. பாஸ்வேர்டு, ஓ.டி.பி., ஆதார் நம்பர், ஏ.டி.எம். கார்டு நம்பர் இதில் எதையாவது தட்ட வேண்டிய இடத்தில் எச்சரிக்கை வந்தால் வெளியே வந்துவிட வேண்டியதுதான். பேங்க் தளத்தில் வந்தால் இரண்டாவது யோசனையே கூடாது. பத்து தளத்தில் சும்மா அமுக்கிப் பழகிய விரல், பதினோராவதாக வரும் போலித் தளத்திலும் அப்படியே அமுக்கும்.

சரி, பூட்டு படம் இருந்தால் நம்பலாமா? அதுவும் கூடாது. வழியில் யாரும் படிக்கவில்லை என்பதற்குத்தான் பூட்டு, எதிரே இருப்பவர் நல்லவர் என்பதற்கு அல்ல. மோசடிக்காரரும் சான்று வாங்கலாம். மக்கள் தப்பாகப் புரிந்து கொள்கிறார்கள் என்றுதான் 2023 செப்டம்பரில் குரோம் அந்தப் பூட்டு படத்தையே எடுத்து விட்டது.

இத்தனைக்கும் சான்று வாங்க காசு தேவை இல்லை. லெட்ஸ் என்கிரிப்ட் 2015 டிசம்பரில் இருந்தே எல்லோருக்கும் இலவசமாகத் தருகிறது. தானாகவே புதுப்பித்துக் கொள்ளும் வசதியும் இருக்கிறது. ஒருமுறை சரியாகச் செட் செய்தால் வேலை முடிந்தது. எனவே பட்ஜெட் இல்லை என்ற சாக்கு இனி எடுபடாது.

அலட்சியமாக இருப்பவர்களுக்கு அடுத்த நெருக்கடியும் வந்தாச்சு. 2020 செப்டம்பர் முதல் ஒரு சான்றின் ஆயுள் அதிகபட்சம் 398 நாளாக இருந்தது. சான்று நிறுவனங்களும் பிரவுசர் கம்பெனிகளும் 2025 ஏப்ரலில் எடுத்த முடிவுப்படி, 2026 மார்ச் 15-ந்தேதி முதல் கொடுக்கும் சான்றுகளுக்கு 200 நாள்தான். 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் வெறும் 47 நாள். வருஷத்துக்கு ஒருமுறை கையால் புதுப்பிக்கவே மறந்துபோகும் ஆபீஸ்கள், இனி வருஷத்துக்கு எட்டு தடவை ஞாபகம் வைத்துக் கொள்ள வேண்டி இருக்கும்.