பல்லு கொட்டறது வயசால இல்லீங்க

சந்தைக்கு மாடு வாங்கப் போற எந்த விவசாயியும் முதல்ல செய்யறது வாயைத் திறந்து பல்லைப் பார்க்கறதுதான். ரெண்டு பல்லா, நாலு பல்லா, கடை சேர்ந்துடுச்சா, தேய்ஞ்சிருக்கான்னு பார்த்துட்டுத்தான் துண்டுக்குள்ள கையை விட்டு விலை பேசுவோம். பல்லு போன ஆட்டைப் பட்டியில வெச்சிருக்க மாட்டோம். கடிச்சு மேய முடியாத ஆடு தேறாதுன்னு எங்களுக்குத் தெரியும். ஆனா வீட்டுத் திண்ணையில உட்கார்ந்திருக்கிற பெரியவங்க வாய்க்குள்ள என்ன நடக்குதுன்னு ஒருத்தரும் பார்க்கறதில்லை. கேட்டா ஒரே பதில்தான்: "வயசாச்சு, பல்லு கொட்டத்தானே செய்யும்?"

இந்தப் பேச்சோடதான் எனக்குச் சண்டை. வயசான ஒரே காரணத்துக்காகப் பல்லு விழறதில்லை. பெரும்பாலும் ரெண்டு காரணம்தான். ஒண்ணு சொத்தை, இன்னொண்ணு ஈறு நோய். ரெண்டுமே தடுக்கக்கூடியது.

சொத்தை எல்லாருக்கும் தெரியும், ஏன்னா அது வலிக்கும். காட்டு வேலைக்குப் போறவங்க காலையில இருந்து சாயங்காலம் வரைக்கும் அஞ்சாறு தடவை சர்க்கரை தூக்கலா டீ குடிக்கறாங்க, கூடவே ரெண்டு பிஸ்கட். ஒவ்வொரு தடவையும் வாயில இருக்கிற கிருமி அந்தச் சர்க்கரையைத் தின்னுட்டு அமிலத்தை விடும். அது சுமார் அரைமணி நேரம் பல்லை அரிக்கும். சர்க்கரை எவ்வளவுங்கறது மட்டும் கணக்கில்லை, எத்தனை தடவைங்கறதும் கணக்கு.

ஈறு நோய் அப்படி இல்லை. சத்தமே இல்லாம வரும். சரியா துலக்காத பல்லுல வழவழன்னு ஒரு படலம் பிடிக்கும். அதை எடுக்காம விட்டா எச்சில்ல இருக்கிற சுண்ணாம்புச் சத்து சேர்ந்து காரை மாதிரி இறுகிடும். போர் தண்ணி விடற சொட்டு நீர்க் குழாயில உப்பு பிடிக்குமே, அதே கதைதான். அப்புறம் எந்த பிரஷ்ஷால தேய்ச்சாலும் போகாது. ஈறு வீங்கி ரத்தம் வரும், வாய் நாறும், உள்ளே பல்லைத் தாங்கற எலும்பு கொஞ்சம் கொஞ்சமா கரையும். ஓடைக்கரைத் தென்னைக்கு மண் அரிச்சுப் போனா மரம் நல்லாத்தான் இருக்கும், வேர் மட்டும் வெளியே தெரியும். ஒருநாள் சாய்ஞ்சுடும். அதனாலதான் சொத்தையே இல்லாத முழுப் பல்லு கையோட வரும்போது, எல்லாரும் வயசு மேல பழியைப் போட்டுடறாங்க.

இதுக்கு உரம் போடறது ரெண்டு. ஒண்ணு புகையிலை. அது வெத்தலையோட போட்டாலும் சரி, பீடியா இழுத்தாலும் சரி, பொட்டலமா வாயில அடக்கினாலும் சரி. பீடி சிகரெட் பிடிக்கறவங்களுக்கு ஈறுல ரத்தம் குறைவா வரும். அதனால நோய் இருக்கிறதே தெரியாது. 2013-லயே தமிழ்நாட்டுல குட்காவுக்குத் தடை போட்டாச்சு. வாய்கள்ல இருந்து இன்னும் போகலை. இன்னொண்ணு சர்க்கரை நோய். சர்க்கரை கட்டுக்குள்ள இல்லேன்னா ஈறு சீக்கிரம் கெடும், ஈறு கெட்டா சர்க்கரையைக் கட்டுப்படுத்தறதும் கஷ்டம்.

நகரத்துல இருக்கிற உங்களுக்கும் ஒண்ணு சொல்லணும். "கிராமத்துல ஆலங்குச்சி, வேப்பங்குச்சியில துலக்கினதால பெரியவங்க பல்லு கல்லு மாதிரி இருந்துச்சு"ன்னு எழுதறீங்க, அதைப் பகிரவும் செய்யறீங்க. பொக்கை வாயோட வெத்தலையை உரல்ல இடிச்சுப் போட்ட பாட்டிகளும் இதே கிராமத்துலதான் இருந்தாங்க. குச்சி கெட்டதுன்னு நான் சொல்லலை. முன்பல்லுக்குப் போகும், கடைவாய்ப் பல்லோட உள்பக்கத்துக்குப் போகறது கஷ்டம். செங்கல் பொடி, சாம்பல், மணல் போட்டுத் தேய்ச்சா பல்லோட மேல்பூச்சே போயிடும், அப்புறம் பல் கூசும்.

எங்க ஊர்ப்பக்கம் ஆஸ்பத்திரிக்கு யாரும் போகாததுக்குச் சோம்பல் காரணம் இல்லை. டவுனுக்குப் போனா ஒருநாள் கூலி போச்சு. அதனால வலி தாங்க முடியாம போறப்போதான் போவாங்க, போனதும் "பிடுங்கிடுங்க"ம்பாங்க. ஒரு பல்லைப் பிடுங்கினா பக்கத்துப் பல்லு சாயும், எதிர்ப் பல்லு இறங்கும், மெல்லறது ஒருபக்கமா ஆகும். நாலு கடைவாய்ப் பல்லு போனா கடலை போச்சு, கறி போச்சு, சோளச்சோறு போச்சு. ரசஞ்சோறும் டீயில நனைச்ச பன்னும்தான் மிச்சம். உடம்பு இளைக்கறதுக்கு இதைவிட வேற என்ன வேணும்?

இன்னும் ரெண்டு பயம் இருக்கு. மேல்பல்லை எடுத்தா கண்ணு போயிடும்ங்கறது ஒண்ணு. பல்லுக்கும் பார்வைக்கும் சம்பந்தமே கிடையாது. சுத்தம் பண்ணினா பல்லு ஆடும்ங்கறது இன்னொண்ணு. ஏற்கெனவே ஆடற பல்லைக் காரை பிடிச்சு நிறுத்தியிருக்கும். அதை எடுத்ததும் ஆட்டம் வெளியே தெரியும், அவ்வளவுதான்.

செய்ய வேண்டியது பெரிய வேலை இல்லை. காலையிலயும் ராத்திரி படுக்கறதுக்கு முன்னாடியும் மெத்துன்னு இருக்கிற பிரஷ்ல, ஃபுளோரைடு இருக்கிற பேஸ்ட் போட்டு ரெண்டு நிமிஷம். ரெண்டுல ஒண்ணுதான் முடியும்னா ராத்திரியை விடாதீங்க. தின்ன பிறகு வாய் கொப்பளிக்கணும். வருஷத்துக்கு ஒருதடவையாவது பல் டாக்டர்கிட்ட காட்டணும். மாவட்டத் தலைமை மருத்துவமனையில பல் பிரிவு இருக்கு. மாடு முட்டியோ, வண்டியில விழுந்தோ நிரந்தரப் பல்லு முழுசா வந்துட்டா, வேரைத் தொடாம எடுத்துப் பால்ல போட்டு ஒருமணி நேரத்துக்குள்ள ஓடுங்க. திரும்ப நட வாய்ப்பு இருக்கு.

வர்ற பொங்கலுக்கு ஊருக்கு வரும்போது ஸ்வீட் பாக்ஸைக் குறைச்சுக்கோங்க. அப்பா அம்மாகிட்ட "கடலை மெல்ல முடியுதா? துலக்கும்போது ரத்தம் வருதா?"ன்னு ரெண்டு கேள்வி கேளுங்க. "அதெல்லாம் ஒண்ணுமில்லை சாமி"ன்னுதான் சொல்லுவாங்க. நம்பாதீங்க. உங்க லீவுல ஒருநாளை ஒதுக்கிக் கூட்டிட்டுப் போங்க. அவங்களா போகமாட்டாங்க.