காணாமல் போன புள்ளிகள்

மக்களே, இன்னிக்குக் கொஞ்சம் கணக்கு. பயந்து ஓடிடாதீங்க :-)

அமெரிக்காவில் இருக்கிற நம்ம பிள்ளைகள் எட்டாம் வகுப்பிலேயே 'ஸ்கேட்டர் பிளாட்' போடுறாங்க. 2010-ல் வந்த காமன் கோர் பாடத்திட்டத்தில் அது இருக்கு. இந்தியாவில் நம்மில் பலர் காமர்ஸ் பக்கம் வந்த பிறகுதான் 'சிதறல் வரைபடம்' என்று ஒன்றைப் பார்த்தோம். விஷயம் சுலபம். ஒரு அளவு கீழ் அச்சில், இன்னொன்று பக்க அச்சில். ஒவ்வொரு ஆளுக்கோ ஊருக்கோ ஒரு புள்ளி. புள்ளிக் கூட்டம் மேலே ஏறினால் நேர் ஒட்டுறவு, இறங்கினால் எதிர், சும்மா இறைஞ்சு கிடந்தால் ஒட்டுறவு இல்லை.

பரீட்சைக்கு இது போதும். வாழ்க்கைக்குப் போதாதுங்கிறது என் கட்சி. "படத்தில் வராத புள்ளி எங்கே?" என்று கேட்கவும் பிள்ளைக்குக் கத்துக் கொடுக்கணும்.

எங்க பக்கத்து மழையையே எடுத்துக்குங்க. மகாபலேஷ்வர் சுமார் 1,350 மீட்டர் உயரம், வருஷத்துக்கு 5,000 மி.மீ.க்கு மேல் மழை. புனே 560 மீட்டர், சராசரியா 1,000 மி.மீ. கூட வராது. இந்த ரெண்டு புள்ளியைப் பார்த்தால் உயரம்தான் மழையைக் கொண்டு வருதுன்னு சொல்லிடுவோம். இப்போ லோனாவ்லாவைச் சேருங்க. உயரம் சுமார் 620 மீட்டர்தான், புனேயை விடக் கொஞ்சம்தான் அதிகம். மழையோ 4,000 மி.மீ. தாண்டும். ஆகுர்டியில் லோக்கல் ஏறினால் ஒரு மணி நேரத்தில் போயிடலாம், அவ்வளவு பக்கம். ஒரே புள்ளியில் முதல் கதை ஆட்டம் கண்டுடுச்சு. மலைத்தொடரின் விளிம்பில் இருக்கோமா, அதுக்குப் பின்னால் மறைஞ்சு இருக்கோமாங்கிறதுதான் பெரிய விஷயம்.

இது வெறும் மழைக் கதை. 1986 ஜனவரி 28-ல் சேலஞ்சர் விண்கலம் வெடிச்சு ஏழு பேர் போனாங்களே, அதிலும் இதே சங்கதி உண்டு. குளிரில் ராக்கெட்டின் ரப்பர் வளையம் சரியா அடைக்காதுன்னு என்ஜினியர்கள் முந்தின ராத்திரியே எச்சரிச்சாங்க. ஆனா அப்போ அலசினது வளையம் பழுதான பயணங்களை மட்டும்தான். 53 டிகிரி ஃபாரன்ஹீட்டிலும் பழுது, 75-லும் பழுது. அதனால் வெப்பநிலைக்கும் பழுதுக்கும் தொடர்பு இருக்கிறதாவே தெரியலை. பழுதில்லாத பயணங்களையும் விசாரணைக் கமிஷன் பிறகு சேர்த்துப் பார்த்தது. 66 டிகிரியும் அதுக்கு மேலும் 20 பயணம், மூணில்தான் பழுது. அதுக்குக் கீழே நாலு பயணம், நாலிலும் பழுது! அன்னிக்கு ஏவும்போது சுமார் 36 டிகிரி.

எங்க பேங்க் தொழிலிலும் இந்தக் கண்ணி உண்டு. வராக்கடன் பட்டியலை மட்டும் பார்த்தால் 'சின்ன வியாபாரிகளே கட்ட மாட்டாங்க போல' என்று தோணும். ஒழுங்கா கட்டுற சின்ன வியாபாரிகள் எத்தனை பேர்னு அந்தப் பட்டியல் சொல்லாது. அதை வெச்சு ஒரு நல்ல மனுஷனின் கடனை மறுத்தால் அது அநியாயம்.

நம்ம வீட்டு விஷயத்துக்கு வருவோம். கோச்சிங் சென்டர் பேனரில் சிரிக்கிற முகமெல்லாம் ரேங்க் வாங்கினவங்க. அவங்க தினம் எத்தனை மணி நேரம் படிச்சாங்கன்னு சொல்லி நாமும் பிள்ளையை விரட்டுறோம். அதே வகுப்பில் அதே நேரம் படிச்சு ரேங்க் வராதவங்களுக்குப் பேனரில் இடமில்லை. குறைவாகப் படிச்சு நல்லா வந்தவங்களுக்கும் இல்லை. படிக்க வேண்டாம்னு சொல்லலை. பாதிப் படத்தை வெச்சுப் பிள்ளையின் தூக்கத்தைப் பறிக்காதீங்கன்னு சொல்றேன்.

அடுத்த தடவை பிள்ளை இந்தப் பாடத்தோட வந்து உட்கார்ந்தால், "ஏறுதா, இறங்குதா?" என்று கேட்டுட்டு விட்டுடாதீங்க. "இதில் யாரையெல்லாம் விட்டுட்டாங்க?" என்றும் கேளுங்க. அந்தக் கேள்வி பழகின பிள்ளையை நாளைக்கு எந்த விளம்பரமும் சுலபமா ஏமாத்த முடியாது.