காட்சிப்பொருளாகிய தேசம்

ஒரு நாட்டை அறிவதும் அதன் சாயலை நுகர்வதும் ஒன்றே என்னும் மயக்கம் நம் காலத்தில் ஆழ வேரூன்றிவிட்டது. பிரயாண விளம்பரங்கள் முதல் கேளிக்கைப் பூங்காக்கள் வரை பலவும் இம்மயக்கத்தை விற்றே பொருளீட்டுகின்றன. இதற்குத் தக்கதோர் எடுத்துக்காட்டாக, அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் டிஸ்னி நிறுவனம் நடத்தும் எப்கொற் பூங்காவிலுள்ள மொறொக்கோ மண்டபத்தைக் கொள்ளலாம். செயற்கை ஏரியொன்றைச் சூழ அமைந்த பதினொரு நாட்டு மண்டபங்களுள் இதுவும் ஒன்று. 1984ஆம் ஆண்டு செப்ரெம்பர் மாதத்திலே திறக்கப்பட்டது. யப்பானுக்கும் பிரான்சுக்கும் இடையே நிற்கின்றது.

இத்தகைய இடங்களைக் கண்டிப்போர் வழக்கமாகக் கூறுவது அவை போலியானவை என்பதாகும். இம்மண்டபத்தைப் பொறுத்தவரை அக்கண்டனம் வலுவற்றது. இதன் ஆக்கத்தில் மொறொக்கோ அரசே பங்குகொண்டது. மன்னர் இரண்டாம் ஹசன் தம் நாட்டுக் கைவினைஞரை அனுப்பி வைத்தார். மெருகிட்ட ஓடுகளைச் சிற்றுளியாற் சிறு துண்டுகளாகச் செதுக்கி, அவற்றைக் கோலங்களாகப் பொருத்தும் ஸெல்லிஜ் என்னும் கலை, தலைமுறை தலைமுறையாகக் கைமாறி வருவது. அக்கலையில் வல்லோரின் கைவண்ணமே அச்சுவர்களில் உள்ளது. மராகேஷ் நகரின் குத்துபிய்யா மினாராவும், பெஸ் நகரின் பாப் பூஜெலூத் வாயிலும் அங்கே சிறிய அளவில் எழுப்பப்பட்டுள்ளன. எனவே கலை உண்மையானதா என்பது ஈண்டு வினாவன்று. உண்மையான கலை எதனை மறைப்பதற்குப் பயன்பட்டது என்பதே வினா.

முதலில் அவ்வாயிலையே நோக்குவோம். அதனைக் காண்போர் காலங்கடந்த கீழைத்தேயத் தொன்மையின் சின்னம் என எண்ணி வியப்பர். ஆனால் பெஸ் நகரில் இன்று நிற்கும் பாப் பூஜெலூத் வாயில், 1913இல், பிரெஞ்சு ஆட்சியின்கீழ் எழுப்பப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டிலேதான் பெஸ் உடன்படிக்கையின் வழியே மொறொக்கோ பிரான்சின் ‘பாதுகாப்பு’க்கு உட்பட்டது. அவ்வாட்சியின் தலைவராயிருந்த லியோத்தே, பழைய நகரைச் சுதேசிகளுக்கென விட்டு, அதற்கு வெளியே ஐரோப்பியருக்கெனப் புதுநகர்களை அமைப்பித்தார். பழமையைப் பேணுதல் என்ற பெயரில் இது நிகழ்ந்தது. விளைவோ மக்களைப் பிரித்து வைத்தலாயிற்று. புளோரிடாவின் மண்டபமும் வாயிலுக்கு இப்பால் புதுநகர், அப்பால் பழைய நகர் என்றே வகுக்கப்பட்டுள்ளது. குடியேற்றவாதம் வகுத்த கோடு அங்கே அழகிய கட்டடக்கலையாகக் காட்சி தருகின்றது. சில அடிகள் நடந்தால் ஈபெல் கோபுரத்தின் சிறுவடிவோடு பிரான்ஸ் மண்டபம் வரவேற்கின்றது. 1912 முதல் 1956 வரை ஆண்டவனும் ஆளப்பட்டவனுமாக இருந்த இரு தேசங்கள், அண்டை வீட்டாராகப் புன்னகைக்கின்றன. அவற்றிடையே நிகழ்ந்தது என்ன என்று கேட்க வேண்டிய தேவையே பார்வையாளனுக்கு எழுவதில்லை.

அடுத்து, மண்டபம் திறக்கப்பட்ட ஆண்டு கவனத்துக்குரியது. சர்வதேச நாணய நிதியத்தின் ஆலோசனைக்கமைய மேற்கொள்ளப்பட்ட சிக்கன நடவடிக்கைகளால் உணவுப்பொருள் விலைகள் உயர, 1984 ஜனவரியில் மொறொக்கோ மக்கள் வீதிக்கு இறங்கினர். மராகேஷிலும், நாடோர், தெத்துவான் முதலிய வடபகுதி நகர்களிலும் கிளர்ச்சி மூண்டது. படையினர் சுட்டனர், பலர் மாண்டனர். மன்னர் தொலைக்காட்சியிலே தோன்றிக் கிளர்ந்தெழுந்தோரை இழிசனர் என ஏசினார். ஆயினும் விலையேற்றத்தைக் கைவிட நேர்ந்தது. இது நிகழ்ந்து எட்டு மாதங்கள் கழியுமுன்னரே குத்துபிய்யாவின் சாயல் ஏரிக்கரையில் ஒளிர்ந்தது. மராகேஷின் மினாரா கடல் கடந்து சென்றது. அதன் நிழலில் பாணுக்காகக் குரலெழுப்பிய மக்கள் செல்லவில்லை. தஸ்மமார்த் என்னும் இரகசியச் சிறையில் அன்று அடைபட்டிருந்தோரும் செல்லவில்லை. 1991 வரை நீடித்த அச்சிறையின் கொடுமைகளையும் அவ்வாட்சிக் காலத்தின் ஏனைய அத்துமீறல்களையும் ஆராய 2004இல் மொறொக்கோ அரசே ஓர் ஆணைக்குழுவை அமைக்க வேண்டியதாயிற்று. அரசொன்று தன் மக்களை ஒடுக்கும் வேளையில் தன் கலையை உலகுக்கு ஏந்திச் செல்வது தற்செயலன்று. மக்களற்ற பண்பாடே அதிகாரத்துக்கு மிக வசதியான பண்பாடு.

வணிக நிறுவனத்தின் வசதி வேறுவகையானது. அதற்கு எல்லா அரபு நாடுகளும் ஒன்றே. 1992இல் வெளியான அலாவுதீன் திரைப்படத்தின் இளவரசி ஜஸ்மினைப் பார்வையாளர் சந்திக்கும் இடமாக இம்மண்டபம் பயன்பட்டு வந்துள்ளது. அக்கதையோ அலெப்போ நகரத்தவரான ஹன்னா தியாப் பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு மொழிபெயர்ப்பாளர் கலாந்துக்குச் சொன்னது. சீனத்தில் நிகழ்வதாக அமைந்தது. திரைப்படத்தின் அக்ரபா நகரோ எந்தத் தேசப்படத்திலும் இல்லாதது. இல்லாத ஊரின் இளவரசிக்கு மொறொக்கோவைத் தாய்வீடாக்குவதை அறியாமை என்று சொல்லி விட்டுவிட முடியாது. வேறுபாடுகளை அறியவேண்டியதில்லை என்ற அலட்சியம் அது. இவ்வலட்சியம் புதியதுமன்று. 1889ஆம் ஆண்டின் பாரிஸ் கண்காட்சியில் ‘கெய்ரோ வீதி’ ஒன்று அமைக்கப்பட்டது. அங்கே பள்ளிவாசலின் முகப்பு மட்டுமே இருந்தது. உள்ளே கோப்பிக்கடை நடந்தது. அதனைக் கண்ட எகிப்தியர் மனம் நொந்தனர். நூறாண்டுகள் கழிந்தும் தொழுகைக்கு அழைக்காத மினாராக்களே எழுப்பப்படுகின்றன.

இவ்விடத்தில் இரு மறுப்புகள் எழலாம். கேளிக்கைக்காகச் செல்பவனிடம் வரலாற்றை எதிர்பார்ப்பது மிகையல்லவா என்பது ஒன்று. அந்நிறுவனம் வெறுங் கேளிக்கை என்று மட்டும் கூறி நுழைவுச்சீட்டை விற்றிருப்பின் நாம் வாய்மூடியிருப்போம். உலக நாடுகளைக் காட்டுவதாகக் கூறியல்லவா அது விற்கின்றது? அங்கு கண்ட ஆர்வத்தால் ஒருவன் பின்னர் அந்நாட்டை அறிய முற்படலாமே என்பது மற்றொன்று. ஆர்வம் வினாவிலிருந்து பிறப்பது. எல்லா வினாக்களுக்கும் முன்கூட்டியே இனிய விடை அளிக்கப்பட்ட இடத்தில் வினா பிறப்பது அரிது. அங்கிருந்து மீள்பவன் பெரும்பாலும் தான் மொறொக்கோவைக் கண்டுவிட்டதாகவே எண்ணுகின்றான்.

மொறொக்கோவை நாம் அறிந்த வழி வேறு. அந்நாட்டின் தஞ்சையர் நகரிற் பிறந்த இபுன் பதூதா 1344இல் நம் தீவுக்கு வந்தார். ஆரியச் சக்கரவர்த்தியைக் கண்டு உரையாடினார். அவர் அளித்த துணையோடு பாவாதமலைக்கு யாத்திரை சென்றார். பின்னர் பெஸ் நகரில் தம் பயண வரலாற்றைச் சொல்லி எழுதுவித்தார். அவர் கூறியன யாவும் பிழையற்றவை என்று எவரும் சாதிக்கமாட்டார். எனினும் அவர் ஊரூராக நடந்தார், கேட்டார், வியந்தார், முரண்பட்டார். மன்னரிடம் பேசியவர் வழித்துணைவரிடமும் பேசினார். ஒரு தேசத்தைக் காண்பது என்பது அதுவே. அழகிய ஓடுகளைக் கண்டு வியப்பதில் தவறில்லை; அவற்றைச் செதுக்கிய கைக்குரியவன் அன்று என்ன விலை கொடுத்துப் பாண் வாங்கினான் என்று கேளாதிருப்பதே தவறு. அவ்வினாவைக் கேட்பவனுக்கு அம்மண்டபத்தின் சுவர்களும் ஏதேனும் கற்பிக்கக்கூடும். கேளாதவன் மராகேஷுக்கே சென்றாலும் புளோரிடாவிலேதான் நிற்கின்றான்.