பழைய மோட்டார் வண்டியின் பிறேக் அதிர்வது ஏன்?

1948 முதல் 1971 வரை இங்கிலாந்தில் உருவான மொறிஸ் மைனர் வண்டிகள் இன்றும் நம் வீதிகளில் ஓடக் காண்கிறோம். அவற்றின் நான்கு சக்கரங்களிலும் உள்ளவை டிறம் பிறேக்குகளே. மிதிக்குங்கால் பிறேக் மிதி காலை விட்டுவிட்டு உந்துமாயின், டிறம் வட்டம் குலைந்துள்ளதென ஐயுறலாம். குறை முன்னதிலா, பின்னதிலா என அறிவது எங்ஙனம்? கைப்பிறேக் பின்சக்கரங்களை மாத்திரமே பற்றும். ஆகவே, வெறிச்சோடிய நேர் வீதியில் மெதுவாகச் செல்லும்போது, பொத்தானை அழுத்தியபடியே கைப்பிறேக்கைச் சிறிது சிறிதாக உயர்த்துக. வண்டி அதிர்ந்தால் குறை பின்னே. அதிராது, கால்பிறேக்கில் மட்டும் சுக்கான் நடுங்கினால் முன்னே. செலவற்ற இச்சோதனையைச் செய்யாமலே நான்கு டிறங்களையும் கடையக் கொடுப்போர் பலர்! கடையக் கடைய டிறம் மெலியும் என்பதை அவர் எண்ணுவதில்லை.

கீச்சென்னும் ஒலி பெரும்பாலும் தூசியாலோ மினுக்கேறிய லைனிங்காலோ எழுவது. உலோகம் உராயும் கரகரப்போ வேறு. லைனிங் முற்றாகத் தேய்ந்துவிட்டது. பழுது பார்க்கும்வரை வண்டியை ஓட்டலாகாது.

டிறத்தைக் கழற்றியதும் தூசியை வாயால் ஊதற்க. பழைய லைனிங்குகளில் கல்நார் உண்டு. அத்தூசி புற்றுநோயை விளைவிப்பது. ஈரத்துணியால் துடைத்து, அத்துணியைப் பையிலிட்டுக் கட்டி அகற்றுக. வேடிக்கை பார்க்கும் பிள்ளைகளை அருகே விடற்க.