ஒப்பிச்சா போதுமா?

நம்ம சபைகள்ல திடப்படுத்தல் வகுப்பு எப்படி நடக்குதுன்னு தெரியும்தானே? பத்துக் கட்டளை, விசுவாசப் பிரமாணம், பரமண்டல ஜெபம். தடுக்காம ஒப்பிச்சா பேராயர் தலையில கை வைப்பார். பையன் விசுவாசி ஆயிட்டான்! காலேஜ் போனதும் ஞாயித்துக்கிழமை தூங்கறான். உடனே "இந்தக் காலத்துப் பசங்க..."ன்னு ஒரு பிரசங்கம்.

ஐயா, இயேசுவைப் பத்திச் சொன்னீங்க, சரி. இயேசுகிட்ட பேசக் கத்துக் கொடுத்தீங்களா?

கேள்வி கேட்டா அவிசுவாசம்னு வாயை அடைக்கறோம். காயத்தைத் தொட்டுப் பார்த்தாத்தான் நம்புவேன்னார் தோமா. இயேசு அவரை விரட்டலை, கையை நீட்டச் சொன்னார். அந்த சந்தேகக்காரர் பேர்ல சென்னையில ஒரு மலையே இருக்கு. ஆனா அவரை மாதிரி கேக்கற பையனுக்கு வாலிபர் கூட்டத்துல இடமில்லை!

1706ல தரங்கம்பாடி வந்த சீகன்பால்கு, 1715ல புதிய ஏற்பாட்டைத் தமிழ்ல அச்சடிச்சு முடிச்சார். எதுக்கு? அவனவன் தானே எடுத்துப் படிக்கத்தான். வேத வினாடி வினாவுல டிபன் பாக்ஸ் பரிசு வாங்கவா?

கீபோர்டு, டிரம்ஸ், கேம்ப் எல்லாம் இருக்கட்டும். மாற்கு சுவிசேஷத்தைத் திறந்து வச்சுக்கிட்டு பசங்களோட உட்காருங்க. கேக்கட்டும். பதில் தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லுங்க. சேர்ந்து ஜெபம் பண்ணுங்க. அறிமுகம் பண்ணி வைக்கறதுதான் நம்ம வேலை. மீதியை அவர் பார்த்துப்பார்.