உடுப்பி பக்கத்தில் ஒரு எரிமலைத் தீவு: எங்கே நிற்கலாம், எங்கே கூடாது?

ஜீவனஹள்ளியிலிருந்து எரிமலைத் தீவு பார்க்க மொரீஷியஸ் டிக்கெட் தேவையில்லை. உடுப்பிக்கு நைட் பஸ், மல்பேயிலிருந்து படகு, அவ்வளவுதான். செயின்ட் மேரீஸ் தீவு இனி வெடிக்காது. சுமார் 8.8 கோடி ஆண்டுகளுக்கு முன், மடகாஸ்கர் இந்தியாவை விட்டுப் பிரிந்த காலத்தில் வெளிவந்த எரிமலைக் குழம்பு அது. ஆறும்போது சுருங்கி விரிசல் விட்டதால்தான், யாரோ செதுக்கி அடுக்கின மாதிரி அந்தத் தூண்கள், பெரும்பாலும் அறுகோணம்.

சிக்கலும் அதே தூண்கள்தான். போட்டோவுக்கு எல்லாரும் ஏறுவது கடலோர விளிம்பில். அலை நனைத்த பாறை வழுக்கும். விழுந்தால் பிடிமானம் கிடையாது. 2022 ஏப்ரலில் சுற்றுலா வந்த 3 கேரள மாணவர்கள் இங்கே மூழ்கி இறந்தார்கள். மழைக்காலத்தில் படகே ஓடாது. மற்ற மாதங்களில் போனாலும், ஈரமில்லாத பாறையோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தூண்கள் அங்கிருந்தே நல்லா தெரியும்.