யார் கையில் சாவி?

1941 டிசம்பரில் பிரிட்டன் ஒரு சட்டம் செய்தது. இருபது முதல் முப்பது வயதுவரையுள்ள மணமாகாத பெண்களைப் போர்ப்பணிக்கு அழைத்த சட்டம் அது. வெடிகுண்டு ஆலைகளில் அப்பெண்கள் நின்று உழைத்த படங்களை உலகம் இன்றும் வியந்து பார்க்கிறது. பார்க்கட்டும். ஆனால், அதே ஆட்சி, அதே போருக்காக, நம் நாட்டுப் பெண்களை எங்கே இறக்கிற்று?

நிலக்கரிச் சுரங்கத்தின் அடியில், தோழர்களே! பெண்கள் நிலத்தடியில் வேலை செய்யலாகாது என்ற தடை 1937-லேயே முழுமை பெற்றிருந்தது. இராணுவச் சாலைகளும் விமானத்தளங்களும் கூடுதல் கூலி காட்டிச் சுரங்கத் தொழிலாளரை இழுத்துக்கொண்டன, கரி குறைந்தது. கூலியை உயர்த்தி அவர்களைத் திரும்ப அழைத்திருக்கலாம். அரசோ 1943-ல் தடையை நீக்கிப் பெண்களைக் குழிக்குள் அனுப்பிற்று. 1944 பிப்ரவரியில் மத்திய சட்டசபையில் இதைக் கண்டித்துப் பேசினார் ரேணுகா ரே. தொழிலாளர் துறை உறுப்பினராயிருந்த டாக்டர் அம்பேத்கர், இது நெருக்கடிக்கான தற்காலிக ஏற்பாடே என்றார். ஆணுக்குரிய கூலியே பெண்ணுக்கும் என்பதையும் வற்புறுத்தினார். அந்தச் சமகூலி நாடு முழுவதற்குமான சட்டமாக 1976 வரை காத்திருக்க நேர்ந்தது வேறு கதை! 1946 பிப்ரவரியில் தடை திரும்பியது. வெளியே வந்தவளுக்கு வேறு வேலை உண்டா என்று கேட்டவர் எவர்?

நம் இராஜபாளையத்தில் கரி இல்லை, பஞ்சு உண்டு. 1936-ல் பி.ஏ.சி. இராமசாமி ராஜா நிறுவிய நூற்பாலை, போர் மூண்டபோது இளம் ஆலை. போர் நாட்டின் ஆலைகளுக்குச் செழிப்பைத் தந்தது. நெசவாளிக்கோ நூல் பஞ்சம். துணிக்கும் நூலுக்கும் 1943-ல் கட்டுப்பாட்டு ஆணை பிறந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற ஊர்களின் கைத்தறிக்கு நூல் சிட்டமாகச் சுற்றப்பட்டே போகவேண்டும். தென்னாட்டு ஆலைகளில் அந்த ‘ரீலிங்’ பகுதி பெண்களின் இடம். நாளெல்லாம் நின்று, அறுந்த இழையை முடிந்து முடிந்து, சுற்றிய அளவுக்கே கூலி!

போருக்குப்பின் மூன்று ஷிப்டு ஓட்ட விரும்பிய முதலாளிகளுக்கு, இரவில் வர இயலாத, பேறுகால உதவி தரவேண்டிய பெண் சுமையாகத் தோன்றினாள். 1948-ன் தொழிற்சாலைச் சட்டமும் இரவு வேலையைத் தடுத்தது. பாதுகாப்புக்கென வந்த விதி ஆட்குறைப்புக்குச் சாக்காயிற்று. பஞ்சாலைகளில் பெண்களின் பங்கு தேய்ந்தது.

2000-ல் சென்னை உயர்நீதிமன்றம் அந்த இரவுத்தடை செல்லாதென்றது. அந்த ஆண்டுகளில்தான், தென்மாவட்டக் கிராமங்களின் இளம்பெண்கள், மூன்றாண்டு முடிந்தால் திருமணத்துக்கு மொத்தத் தொகை என்னும் ‘சுமங்கலி’த் திட்டத்தில் நூற்பாலை விடுதிகளுக்குள் அடைக்கப்பட்டனர். 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொகுப்புச் சட்டமோ, சம்மதம் தந்தால் இரவிலும் பெண்கள் வேலை செய்யலாம் என்கிறது. விடுதிச் சாவி மேலாளர் மடியில் இருக்கையில், சம்மதம் என்ற சொல்லுக்கு என்ன பொருள்?

இரவு வேலையே கூடாது என்று கூறி நாம் ஒதுங்கிவிட முடியாது. தடை இருந்த காலத்தில் வேலை பறிபோனதைக் கண்டோம். வீடுவரை வண்டி, ஆணுக்குரிய அதே கூலி, விடுதிக்குள் சங்கம் நுழையும் உரிமை ஆகியவற்றை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கவேண்டும். ஆலைவாயிற் கூட்டங்களில் அப்பெண்களே பேசட்டும். ஒப்பந்தத்தில் சங்கத்தின் சார்பில் கையெழுத்திடுவோரில் பாதிப்பேரேனும் அவர்களாக இருக்கட்டும்.